முகம் வரையாமல் உங்களை வரைவது: வாசகர் கேள்வி பதில்

முடிந்துபோன ஆண்டைத் திரும்பிப் பார்க்க நாட்குறிப்பு எழுத முடியாதவர்கள் குறியீட்டுத் தன்னுருவப்படம் ஒன்றை வரைந்து பார்க்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு, வழக்கமாக ஓர் இதழுக்கு வருவதைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டுமே பதில் கூறுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப்பெயர்களை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: கண்ணாடியைப் பார்த்து முகத்தை வரைந்தால் அது தன்னுருவப்படம் என்பது புரிகிறது. முகமே இல்லாத படத்தை என்னுடைய படம் என்று எப்படிச் சொல்வது? எனக்கு ஒரு பானையைக்கூட நேராக வரையத் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஒருவருடைய முகத்தை விட்டுவிட்டு, அவரோடு ஒட்டிக் கிடக்கும் பொருள்கள், அவர் இருந்த இடம், அவருடைய பொழுது ஆகியவற்றால் அவரைக் காட்டும் படத்தைக் குறியீட்டு உருவப்படம் என்கிறோம், வரைபவரும் வரையப்படுபவரும் ஒருவரே ஆகும்போது அது குறியீட்டுத் தன்னுருவப்படம். இது மேலைநாட்டு ஓவியப் பள்ளிகளிலிருந்து வந்த பயிற்சி என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை, ஏனெனில் இதைவிடத் துணிச்சலான ஒரு காரியம் நம் சங்கத் தொகைநூல்களிலேயே இருக்கிறது. பாடியவரின் இயற்பெயர் கிடைக்காத இடங்களில், அவர் தம் பாடலில் ஆண்ட தொடர் ஒன்றே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. செம்புலப் பெயல்நீரார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார் என்று நாம் சொல்லும் பெயர்கள் யாவும் அப்படி வந்தவையே. அவர்கள் எப்படி இருந்தார்கள், யாருடைய மக்கள், எந்தத் தொழில் செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பாறையில் மோதிக் கரையும் சிறு நுரையாக ஒருவரை இன்றும் அடையாளம் கண்டுகொள்கிறோம்.

இவர்களுள் எனக்கு மிகவும் நெருக்கமானவர் அணிலாடு முன்றிலார். குறுந்தொகையின் 41ஆம் பாடலில், காதலன் அருகில் இருக்கும் நாளில் தான் விழாக் கொண்ட ஊரைப் போல மகிழ்வதாகவும், அவன் பிரிந்த நாளில், பாலை வழியை ஒட்டிய சிற்றூரில் மக்கள் விட்டுச் சென்றபின் அணில்கள் விளையாடும் முற்றத்தை உடைய தனித்த வீட்டைப் போலப் பொலிவிழந்து கிடப்பதாகவும் தலைவி தோழியிடம் கூறுகிறாள். ஆளில்லாத வீட்டைக் காட்ட ஒட்டடையையும் இடிந்த சுவரையும் நாடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இவரோ அணிலைத் தேர்ந்தெடுத்தார். விரட்ட ஆளில்லாத முற்றத்தில்தான் அணில் அச்சமின்றி ஆடும். ஆகவே அந்தச் சின்ன உயிரின் மகிழ்ச்சியே வீட்டின் வெறுமைக்குச் சாட்சியாகிவிடுகிறது. நீங்கள் செய்ய வேண்டியதும் இத்தகைய ஒரு தேர்வுதான்.

ஓவியத்தில் இதற்கு நான் காட்ட விரும்பும் எடுத்துக்காட்டு டச்சு ஓவியர் வான்கோவின் இரண்டு நாற்காலிகள். 1888ஆம் ஆண்டின் இறுதியில், தென்பிரான்சின் ஆர்ல் நகரில் அவரும் பால் கோகனும் ஒரே வீட்டில் தங்கி ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தபோது, தமக்கு ஒரு நாற்காலியும் நண்பருக்கு ஒரு நாற்காலியுமாக இரு படங்கள் வரைந்தார். இரண்டிலும் ஆள் இல்லை. வான்கோவின் நாற்காலி வைக்கோற்புல் பின்னிய இருக்கையும் முரட்டு மரக்கால்களும் கொண்டது, அதன்மேல் ஒரு புகைக்குழாயும் கொஞ்சம் புகையிலையும் கிடக்கின்றன, பின்னால் ஒரு பெட்டியில் வெங்காயம் முளைவிட்டிருக்கிறது, நேரம் பகல். கோகனுடையதோ கை வைத்த, வளைவுகள் உள்ள நாற்காலி, அதில் எரியும் மெழுகுவத்தியும் இரண்டு நாவல்களும் இருக்கின்றன, நேரம் இரவு. நண்பரைப் பற்றி அவர் என்ன நினைத்தார், தம்மைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை அந்த இரண்டு இருக்கைகளும் சொல்லிவிடுகின்றன. வரைந்த சில வாரங்களிலேயே இருவருக்கும் பூசல் முற்றி, வான்கோ தம் காதை அறுத்துக்கொள்ள, கோகன் ஊரை விட்டுப் போய்விட்டார் என்பதை அறிந்தபின் பார்ப்பவர்களுக்கு அந்த வெற்று இருக்கைகள் இன்னும் கனமாகத் தெரிகின்றன.

பானையைப் பற்றி ஒரு சொல். வான்கோவின் நாற்காலியே தரையில் அமைதியாக ஊன்றி நிற்காமல் சற்றுச் சாய்ந்துதான் நிற்கிறது. உங்கள் பானை கோணலாக இருக்கட்டும், ஆனால் அது உங்கள் அடுப்படியில் இருக்கும் பானையாக இருக்கட்டும்.

கேள்வி: என் கைபேசியில் இந்த ஓராண்டில் எடுத்த தற்படங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தாலே ஆண்டு தெரிந்துவிடுமே, வரைவானேன்? (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: தெரியும், ஒரு பகுதி. முகத்தை மட்டுமே வைத்து வாழ்க்கைக் கணக்கு எழுதியவர் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். இளமை முதல் இறந்த ஆண்டான 1669 வரை, தம்மைத் தாமே சுமார் 40 முறை வண்ணத்திலும், 30 முறைக்கு மேல் செப்புத்தகட்டுச் செதுக்கோவியத்திலும் பதிந்து வைத்தார். ஆனால் அதே மனிதரைப் பற்றி இன்னோர் ஆவணமும் உண்டு. 1656இல் கடனை அடைக்க முடியாமல் அவர் நொடித்துப்போனபோது, அதிகாரிகள் ஆம்ஸ்டர்டாமில் இருந்த அவருடைய வீட்டுக்குள் சென்று பொருள்களைப் பட்டியலிட்டார்கள். 363 இனங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் ஓவியங்களோடு தலைக்கவசங்கள், ஆயுதங்கள், சங்கு சிப்பிகள், பழைய சிலைகளின் சுதை வார்ப்புகள் என்று அவர் ஆசைப்பட்டு வாங்கிக் குவித்தவை எல்லாம் இருக்கின்றன. எழுதிய அதிகாரிக்குத் தெரியாமலே அது ஓர் உருவப்படம் ஆகிவிட்டது.

உங்கள் ஆயிரம் படங்களில் முகம் இருக்கிறது; அந்தப் பட்டியல் இல்லை. மேலும் தற்படம் எடுக்கும் கணத்தில் நாம் எல்லோரும் கொஞ்சம் தயாராகிவிடுகிறோம், நான் உட்பட. இந்த ஆண்டு நீங்கள் எடுத்தவற்றுள், யாருக்கும் அனுப்பாமல் ஏதோ ஒரு தேவைக்காக எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள்: மருந்துச்சீட்டு, அறிவிப்புப் பலகை, வண்டி நிறுத்திய இடம், மாமாவின் கையெழுத்தில் இருந்த முகவரி. உங்கள் படத்துக்கான சரக்கு அங்கேதான் கிடக்கிறது.

கேள்வி: நான் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே வரைந்தேன். பதவி உயர்வுக்கு ஏணி, நான் கைவிட்ட புகைப்பழக்கத்துக்கு அறுந்த சங்கிலி, மன அமைதிக்குப் புறா, நம்பிக்கைக்கு விளக்கு. முடித்துப் பார்த்தால் கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கும் நாள்காட்டியின் படம் போல இருக்கிறது. எங்கே தவறினேன்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தவறைப் பாதி நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஏணியும் புறாவும் ஊருக்கெல்லாம் பொதுவானவை. யார் கேட்டாலும் ஒரே பொருளைத் தருபவை. ஆகவே அவை யாரையும் காட்டுவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், போகிற போக்கில் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: புகையை விட்ட முதல் இரண்டு மாதங்களும் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்த இடத்தில் ஒரு சோம்புப் பொட்டலம் வைத்திருந்ததாகவும், துவைக்கும்போது அது நனைந்து சட்டையெல்லாம் மணத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குறியீடு அதுதான். அறுந்த சங்கிலி உண்மையையும் சற்றுத் திரித்துச் சொல்கிறது, ஏனெனில் பழக்கம் ஒரே வெட்டில் அறுந்துவிட்டது என்று அது காட்டுகிறது. பொட்டலமோ, நாளொன்றுக்குப் பத்து முறை உங்கள் கை அந்தப் பைக்குள் போய்த் திரும்பியதைக் காட்டுகிறது.

மற்றப் பாதித் தவறு, தொடங்கிய வரிசையில் இருக்கிறது. முன்னேற்றம், விடுதலை, அமைதி, நம்பிக்கை என்று உணர்ச்சிகளை முதலில் முடிவுசெய்துகொண்டு, பிறகு அவற்றுக்குப் பொருத்தமான பொருள்களைத் தேடியிருக்கிறீர்கள். தொல்காப்பியம் அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள்களை வகுத்தது நினைவிருக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் உள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். உணர்ச்சியாகிய உரிப்பொருள் கடைசியில் வருகிறது. மூன்றிலும் சிறந்தது உரிப்பொருளே என்றாலும், வரிசையில் அதற்குக் கடைசி இடம்தான். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்துவிட்டு மறந்த இந்தப் பட்டியலைவிடச் சிறந்த கையேடு இந்தப் பயிற்சிக்குக் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அதன்படி முதலில் இடத்தையும் பொழுதையும் முடிவு செய்யுங்கள். ஆண்டின் பெரும்பகுதி உங்களுக்கு எங்கே கழிந்தது? வீட்டிலா, இயந்திரத்தின் முன்னா, தொழிற்சாலைப் பேருந்தின் சன்னலோர இருக்கையிலா? வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் ஆகிய ஆறு சிறுபொழுதுகளில் இந்த ஆண்டுக்கு உரியது எது? இரவுப்பணி பார்த்த ஆண்டென்றால் படம் முழுவதும் யாமத்தின் நிறத்தில்தான் இருக்க வேண்டும். அதன்மேல் காலைச் சூரியனை வரைந்தால் பொய்யாகிவிடும். பிறகு கருப்பொருள்களுக்கு வாருங்கள். இந்த ஆண்டு அடிக்கடி உண்டது எது? சன்னலுக்கு வெளியே நின்ற மரம் எது, அல்லது வெட்டப்பட்ட மரம் எது? தினமும் கண்ணில் பட்ட பறவை, விலங்கு எவை? தெருநாய் என்றாலும் குறைவில்லை. பறை என்ற இடத்தில், உங்களை எழுப்பிய அல்லது அதிரவைத்த ஓசையை எழுதிக்கொள்ளுங்கள்: ஆலைச் சங்கு, கைபேசி ஒலி, மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம். யாழ் என்ற இடத்தில், உங்களை ஆற்றிய ஓசை. தெய்வம் என்ற இடத்தில், ஆபத்து நேரத்தில் வாயில் வந்த பெயர் எதுவோ அது, அது கடவுளின் பெயராக இல்லாவிட்டாலும்கூட.

ஒரு தாளில் இப்படி இருபது பொருள்களாவது சேரும். அவற்றுள் நான்கைந்தை மட்டும் எடுத்து வரையுங்கள். எது பெரிது, எது சிறிது, எது நடுவில், எது எதை மறைக்கிறது என்பதை யோசிக்காமல் கை போன போக்கில் வைத்து முடியுங்கள். உரிப்பொருள் அந்த வைப்பில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் அடுத்த படத்திலும் ஏணி வந்தால் வரட்டும், ஆனால் அது நீங்கள் உண்மையில் ஏறிய ஏணியாக, எண்ணெய்க் கறையோடு இருக்க வேண்டும்.

கேள்வி: என்ன தாள், என்ன வண்ணம் வாங்க வேண்டும்? அதிகம் செலவாகுமா? (வாசகி, சேலம்)

பதில்: எழுதுபொருள் கடையில் கிடைக்கும் ஒரு வெள்ளைச் சார்ட் தாளை நான்காக வெட்டினால் நான்கு ஆண்டுகளுக்குப் போதும். பென்சில், பிள்ளைகளின் கிரேயான் அல்லது ஆயில் பேஸ்டல் பெட்டி ஒன்று, பசை, கத்தரிக்கோல். வரையவே வராது என்றால் வெட்டி ஒட்டுங்கள். பெரிய ஓவியர்களும் ஒட்டியிருக்கிறார்கள். மெக்சிக்கோ ஓவியர் ஃப்ரீடா காலோ, கணவருடன் அமெரிக்காவில் தங்கியிருந்த காலத்தில், ஊருக்குத் திரும்பும் ஏக்கத்தோடு 1933இல் தீட்டிய ஒரு படத்தில் அவர் இல்லை. அவருடைய நாட்டுப்புற உடை மட்டும் நியூயார்க்கின் வானுயர் கட்டடங்களுக்கு நடுவே வெறுமையாகத் தொங்குகிறது. அதன் ஒருபுறம் ஒரு கழிப்பறைப் பீங்கான், மறுபுறம் ஒரு வெற்றிக் கோப்பை, இரண்டும் தூண்களின்மேல் ஒரே மரியாதையோடு வைக்கப்பட்டுள்ளன. படத்தின் அடிப்பகுதியில் உள்ள மக்கள் கூட்டத்தை அவர் வரையவில்லை. அச்சான படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார். நீங்கள் பேருந்துப் பயணச்சீட்டு, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள், துணிக்கடைப் பை, தினசரி நாள்காட்டியில் கிழிக்க மறந்த தாள் ஆகியவற்றை ஒட்டலாம். ரேஷன் அட்டை, ஆதார் போன்றவற்றை மட்டும் நகலெடுத்து ஒட்டுங்கள். இதை எழுத வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் ஒரு வாசகர் மூலத்தையே வெட்டலாமா என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி: கடந்த ஆண்டு என்றால் ஜனவரி முதலா, சித்திரை முதலா, பிறந்தநாள் முதலா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்களுக்கு எங்கே ஒரு வரப்பு தெரிகிறதோ அங்கிருந்து. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆண்டு ஜூனில் பிறக்கிறது, விவசாயிக்கு விதைப்பில், கணக்கர்களுக்கு ஏப்ரலில். எனக்குப் பிடித்தது போகி. வீட்டில் பழையன கழிப்பதற்காக வாசலில் சேர்த்து வைத்திருக்கும் குவியலை, எரிப்பதற்கோ பழைய பொருள் வாங்குபவருக்குப் போடுவதற்கோ முன்னால், ஒரு கால் மணி நேரம் எதிரில் உட்கார்ந்து பாருங்கள். அறுந்த செருப்பு, ஓடாத சுவர்க்கடிகாரம், பிள்ளைக்குச் சிறிதாகிப்போன சட்டை, ஒரு முறைகூடப் பயன்படுத்தாத உடற்பயிற்சிக் கருவி என்று நீங்கள் பட்டியலிட வேண்டியவற்றை வீட்டார் ஏற்கெனவே பட்டியலிட்டு வைத்திருப்பார்கள்.

கேள்வி: இந்த ஆண்டு ஆடியில் என் அப்பா இறந்துவிட்டார். ஆண்டைப் படமாக வரைய உட்கார்ந்தால் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதை வரையவும் கை வரவில்லை. மறக்க வேண்டியதை எதற்காகத் தோண்டுகிறாய் என்று அம்மா கேட்கிறார். (வாசகி, மதுரை)

பதில்: முதலில், இந்த ஆண்டே வரைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, அம்மா. ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் இளைய மகன் பீட்டர், 18 வயதில், முதல் உலகப்போர் தொடங்கிய சில மாதங்களிலேயே, 1914 அக்டோபரில், பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். மகனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்ய வேண்டும் என்று அவர் உடனே எண்ணினார். படுத்திருக்கும் மகனின் உடலையும் அவனருகில் பெற்றோரையும் வைப்பதாகத்தான் தொடக்கத்தில் திட்டம் இருந்தது. செய்து, நிறுத்தி, கைவிட்டு, மீண்டும் எடுத்து, கடைசியில் 1932இல்தான் அது அந்த மண்ணில் நிறுவப்பட்டது. அப்போது அதில் மகன் இல்லை. மண்டியிட்டிருக்கும் ஒரு தந்தையும் தாயும் மட்டுமே இருந்தார்கள். அந்த முகங்களில் கேத்தேவின் சாயலும் அவர் கணவரின் சாயலும் இருந்தன. தந்தை தம் கைகளால் தம்மையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார், தாய் குனிந்திருக்கிறார். இன்று அச்சிலைகள் பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோ கல்லறைத் தோட்டத்தில் உள்ளன. மகனுக்காகத் தொடங்கியது, ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து, தன்னுருவமாக முடிந்தது.

ஆகவே அப்பாவை வரைய வேண்டாம்; அவர் இல்லாத பிறகு வீட்டில் இடம் மாறியது எது என்று மட்டும் பாருங்கள். அவருடைய மூக்குக்கண்ணாடி இப்போது எங்கே இருக்கிறது? காலையில் செய்தித்தாளை முதலில் பிரிப்பது யார்? பூட்டிய கதவை இரண்டாம் முறை இழுத்துப் பார்ப்பது யார்? அந்த வேலை உங்களிடம் வந்திருந்தால், தாழ்ப்பாளும் உங்கள் கையும் போதும், அதுவே இந்த ஆண்டின் படம்.

பாலை என்பதற்குத் தனி நிலம் இல்லை என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் முறைமை திரிந்து, தம் நல்லியல்பை இழக்கும்போது 'பாலை என்பதோர் படிவம் கொள்ளும்' என்கிறார் இளங்கோவடிகள். படத்தின் நிலம் வறண்டதாக வந்தால் அஞ்ச வேண்டாம். அது உங்கள் பழைய நிலம்தான். உறக்கமும் உணவும் பல வாரங்களாக ஒழுங்கில் இல்லையென்றால் மட்டும், படத்தை ஒதுக்கிவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். அம்மாவிடம், தோண்டவில்லை, அப்பாவின் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறேன் என்று சொல்லுங்கள். அவரே எடுத்துத் தரக்கூடும்.

கேள்வி: சொத்துப் பிரிவினையில் என் அண்ணன் எனக்குச் செய்ததுதான் இந்த ஆண்டு. அவரை நரியாக வரைந்து சுவரில் மாட்டலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: மாட்டினால் அது உங்கள் அண்ணனின் படம், நாம் பேசிக்கொண்டிருப்பது உங்களுடைய படத்தைப் பற்றி. அகப்பாடலில் ஒருவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியம் ஒரு விதி செய்திருக்கிறது. பெயர் வந்துவிட்டால் அது அகம் ஆகாது. உங்களுக்கும் அந்த விதியையே பரிந்துரைக்கிறேன். நரியை விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

நற்றிணையின் 284ஆம் பாடலில், பொருள் தேடச் சென்ற ஒருவனிடம் நெஞ்சு அவளிடம் திரும்பிச் செல் என்கிறது; அறிவு எடுத்த காரியத்தை முடி என்கிறது; இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அழிவதோ என்று அவன் கேட்கிறான். பாடியவருக்கு அந்தக் கயிறே பெயராகித் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று நிற்கிறது. யானைகளின் குணத்தைப் பற்றிப் பாடலில் ஒரு சொல்லும் இல்லை. வழக்கு, உறவு என்ற இரண்டுக்கும் நடுவில் ஓராண்டு இழுபட்ட உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை என்னால் காட்ட முடியவில்லை. நில அளவைச் சங்கிலியும் அம்மா வீட்டுக் கிணற்றுக் கயிறும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டிறுதிச் செயல்பாடாக இதைக் கொடுக்க விரும்புகிறேன். எப்படி மதிப்பிடுவது? (ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: மதிப்பிடாதீர்கள். மதிப்பெண் உண்டு என்று தெரிந்த நொடியில் நாற்பது தாள்களிலும் தேசியக்கொடியும் தாமரையும் வந்துவிடும். விளக்கம் எழுதச் சொல்லாதீர்கள்; ஒரு பிள்ளை வீட்டுக் கதவைக் கறுப்பாக அடைத்து வரைந்திருந்தால், வகுப்பின் முன் அதற்குக் காரணம் கேட்பதைவிடக் கொடுமை வேறில்லை. அத்தகைய தாளைக் கண்டால் தனியே, வேறு பேச்சின் நடுவே விசாரியுங்கள். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் சுவரில் ஒட்ட வேண்டாம். பொருள்பட்டியல் எழுதுவதை வீட்டுப்பாடமாகவும், வரைவதை வகுப்பிலும் வைத்துக்கொண்டால் பெற்றோர் வரைந்து கொடுக்கும் தொல்லை குறையும். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளை நிரப்புங்கள்.

கேள்வி: வரைந்து முடித்துவிட்டேன். பார்த்தால் எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. இதை எப்படிப் படிப்பது, படித்தபின் எங்கே வைப்பது? (வாசகி, புதுச்சேரி)

பதில்: உடனே விளங்கவில்லை என்றால் நன்றாக வரைந்திருக்கிறீர்கள் என்று பொருள்கொள்ளலாம். சென்ற ஆண்டு எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஆண்டின் முடிவில் வரைந்தபோது, சொட்டுமருந்துக் குப்பி ஒன்று தாளின் நடுவில் ஒரு கோபுரத்தின் அளவுக்கு நின்றது. அதன் அடியில் கறுப்புக் கண்ணாடி, படிக்க முடியாமல் அடுக்கிய புத்தகங்கள். எல்லாம் சரியாக வந்துவிட்டது என்ற நிறைவோடு மேசையில் வைத்திருந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, இதில் என்னுடையது எது என்று கேட்டார். தாளின் வலது ஓரத்தில் ஒரு காப்பித் தம்ளர் இருந்தது. இடமில்லாததால் அதன் பாதி, தாளுக்கு வெளியே போயிருந்தது. ஆறு வாரங்கள், நாளுக்குப் பல முறை, கடிகாரம் பார்த்து என் கண்ணில் மருந்து விட்டவர் அவர். அந்தத் தம்ளரை அங்கே வைத்தது நான்தான், யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை. அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார், உண்மையான தம்ளரை.

எனவே பொருள்கள் எதைக் குறிக்கின்றன என்று கேட்பதைவிட, எவை எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். ஓரத்துக்குத் தள்ளப்பட்டது எது, தேவைக்கு மேல் பெரிதானது எது, பட்டியலில் இருந்தும் தாளுக்கு வராமலே போனது எது? தாளைத் தலைகீழாகத் திருப்பி எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தால், பொருள்களின் பெயர்கள் மறந்து அவற்றின் இடமும் அளவும் மட்டும் கண்ணில் படும். வீட்டில் ஒருவரிடம் காட்டலாம், ஆனால் நீங்கள் விளக்கம் சொல்வதற்கு முன் அவரைப் பேசவிடுங்கள்.

பிறகு பின்பக்கத்தில் தேதியையும், பொருள்களின் பெயர்களையும் பென்சிலால் எழுதுங்கள். கருத்து எதையும் எழுத வேண்டாம், அடுத்த ஆண்டு அது மாறியிருக்கும். சட்டம் போட்டு மாட்டுவதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் தினமும் கண்ணில் படுவது சில நாட்களில் சுவராகிவிடுகிறது. ஆயில் பேஸ்டல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மேலே ஒரு பட்டர் தாளை வைத்து, சுருட்டாமல் தட்டையாக, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வையுங்கள். பசை இருக்கும் இடத்தை இராமபாணப் பூச்சி தேடி வரும். காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து பக்கத்தில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.